விடை சொல்லாத வேலை

அடையாறு, சென்னை

அன்புள்ள கல்யாணி,

இங்கு எல்லோரும் நலம். அத்தையின் கண் அறுவைச் சிகிச்சை எப்படி முடிந்தது என்று எழுது. நான் வேலையை விட்ட செய்தியை ராஜி உனக்கு எப்போதோ சொல்லியிருப்பாள். விடுதிக் காலத்திலேயே அவள் வாயில் தங்கிய இரகசியம் ஒன்றுகூட இல்லை. அவள் சொல்லும் காரணங்களில் பாதி கற்பனையாக இருக்கும் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை. நான் ஆசிரமம் எதிலும் சேரவும் இல்லை. ஒரு பெரிய பிரிவுக்குத் தலைமை தாங்கிய பதவியை விட்டுவிட்டு, பிற நிறுவனங்களின் மேலாளர்களோடு தனித்தனியே அமர்ந்து பேசும் கோச்சிங் தொழிலுக்கு வந்திருக்கிறேன். இதற்கான சான்றிதழை ஐசிஎஃப் என்னும் பன்னாட்டு அமைப்பு வழங்குகிறது என்று சொன்னதும், “கோச்சுக்காக ஐசிஎஃப் போக வேண்டுமென்றால் பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலைக்கே போயிருக்கலாமே” என்றார் இவர். அந்த நகைச்சுவையை வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காரணம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அமெரிக்க வாடிக்கையாளர்களின் காலை நமக்கு இரவு. அந்த அழைப்புகளை முடித்துவிட்டுப் படுத்தால், விடிவதற்குள் இங்குள்ள குழுவின் செய்திகள் கைப்பேசியில் வரிசை கட்டி நிற்கும். வாரத்திற்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைக் காட்டிலும் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்கிட்டுச் சொல்லின. அந்தச் செய்தியை எங்கள் மனிதவளத் துறையே அக்கறையோடு எல்லோருக்கும் அனுப்பியது. அது வந்து சேர்ந்தபோது இரவு பதினொன்று.

அதே உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை நோய் என்று சேர்க்காமல், வேலை சார்ந்த ஒரு நிலை என்று வகைப்படுத்தி, அதற்கு மூன்று அடையாளங்களைக் குறிப்பிட்டது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், செயல்திறன் குறைந்துவிட்டதாக உணர்தல். முதலாவதை நம் தலைமுறைப் பெண்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. இரண்டாவதுதான் என்னை அச்சுறுத்தியது. நான் தேர்ந்தெடுத்து வளர்த்த ஒரு பெண்ணுக்குப் பதவி உயர்வு கிடைத்த அன்று, வாழ்த்துக் கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டே அடுத்த கூட்டத்தின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனத்தில் ஒன்றும் அசையவில்லை. ஆட்களை வளர்ப்பது ஒன்றுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்தது என்று உன்னிடம் எத்தனை முறை அளந்திருக்கிறேன்! அதுவும் மரத்துப்போன பிறகு அந்த நாற்காலியில் எனக்கு என்ன இருக்கிறது, சொல்.

ஆனால் புதிய தொழில் இலேசானது என்று நினைத்துவிடாதே. இத்தனை ஆண்டுகளாக விடை சொல்வதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது விடை சொல்லாமல் இருப்பதற்குக் கட்டணம் வாங்குகிறேன். இந்தத் துறைக்கு வேர் விளையாட்டுத் திடலில் இருக்கிறது. திமோதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் ஆசிரியர், முழங்கையை இப்படி வை, மணிக்கட்டை அப்படித் திருப்பு என்று திருத்துவதைக் குறைத்துக்கொண்டு, பந்து தரையில் படும்போது ஒரு சொல்லும் மட்டையில் படும்போது ஒரு சொல்லும் வாய்விட்டுச் சொல்லும்படி மாணவர்களிடம் கூறினார். கவனம் பந்தின் மீது குவிந்ததும் ஆட்டம் தானாகச் சீர்பட்டது. சொல்லிக்கொடுக்காமல் தானே கண்டடைய விடும் இந்த வழியை அலுவலகங்களுக்குக் கொண்டு சென்றவர்களில் முதன்மையானவர் ஜான் விட்மோர். அவர் முன்னாள் கார் பந்தய வீரர். படிக்கும்போது எனக்கு இதெல்லாம் மிக எளிதாகத் தோன்றியது.

சென்ற மாதம் ஓர் இளம் மேலாளர் வந்தார். (பெயரும் நிறுவனமும் கேட்காதே, இரகசியம் காப்பது இத்தொழிலின் அடிப்படை விதி, ராஜிக்கு இது ஒருநாளும் ஒத்துவராது.) தம் குழுவில் மூத்தவர் ஒருவர் ஒத்துழைப்பதே இல்லை என்று நெடுநேரம் அடுக்கிவிட்டு, “மேடம், நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லிவிடுங்கள்” என்றார். விடை என் நாக்கின் நுனியில் இருந்தது: குறைகளை எழுத்தில் பதிவு செய், கெடு வை, மேலிடத்துக்குத் தெரிவி. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. அவர் தண்ணீர் குடித்தார், கைக்கடிகாரத்தைத் திருகினார், பிறகு மேசையைப் பார்த்தபடியே, “இந்தப் பதவிக்கு அவரும் விண்ணப்பித்திருந்தார், அதைப் பற்றி நாங்கள் இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை” என்றார். நான் முந்திக்கொண்டிருந்தால் அந்த வாக்கியம் வெளியே வந்திருக்காது. ஒரு நல்ல மனிதரின் மீது ஒரு கோப்பு மட்டும் திறக்கப்பட்டிருக்கும்.

இப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது கூட்டங்களில் கத்துவதைவிட அதிகமாகக் களைப்படையச் செய்கிறது. எனவே ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு மேல் பார்ப்பதில்லை, இரவில் யாருடனும் அமர்வு கிடையாது என்று வைத்திருக்கிறேன். முதல் நிலைச் சான்றிதழுக்கே 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். ஆனால் சான்றிதழே இல்லாமல் அட்டை அடித்துக்கொள்வதைத் தடுக்க இந்நாட்டில் சட்டம் இல்லாததால், லிங்க்ட்இன்னைத் திறந்தால் இரண்டில் ஒருவர் கோச். வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழ்வே வெறுத்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், அங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! நான் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதக் கடைசியில் வந்த சம்பளம் போய், பில் அனுப்பிக் காத்திருந்து, பத்து சதவீதம் டிடிஎஸ் என்னும் வரிப் பிடித்தம் போக மிச்சத்தை வாங்கும் வாழ்க்கை வந்திருக்கிறது. வீட்டுக் கடன் முடியாமல் இருந்திருந்தால் இந்தத் துணிவு எனக்கு வந்திருக்காது. மனம் சொல்வதைக் கேள் என்று மேடைதோறும் உபதேசிப்பவர்கள் இதை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள். தீபாவளிக்கு வந்து குவியும் முந்திரி, பாதாம் பெட்டிகள் இந்த ஆண்டு வரவில்லை. எனக்கு அது வலிக்காது என்று நினைத்திருந்தேன், கொஞ்சம் வலித்தது. முந்திரிக்காக அன்று என்பது உனக்குப் புரியும்.

இனி உன் விஷயம். மண்டல மேலாளர் பதவியை ஏற்றுக்கொண்டு போபாலுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். முன்பாக இருந்தால் அன்றிரவே இலாப நட்டங்களை எக்செல்லில் கட்டம் கட்டி அனுப்பியிருப்பேன். இப்போது கேட்பது இரண்டுதான்: அந்த அறையில் உட்கார்ந்து நீ என்ன செய்ய ஆசைப்படுகிறாய்? வேண்டாம் என்று சொன்னால் யார் முகத்தைப் பார்க்கத் தயங்குகிறாய்? பதிலை எனக்கு எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் நீ எனக்குக் கட்டணம் கொடுப்பவள் அல்லவே. ஆகவே இதை மட்டும் உத்தரவாகவே எழுதுகிறேன். போபாலோ மதுரையோ, கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த முழங்காலை ஒரு நல்ல எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
வசந்தா