ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீருக்கு நிரந்தரத் தீர்வு கோரும் மனு

அனுப்புநர்:
கடற்கரைக் கிராமப் பொதுமக்கள்,
உச்சிப்புளி – மண்டபம் இடையில்,
ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ராமநாதபுரம்.

பொருள்: தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதையைச் சரிசெய்து, மக்கள் தண்டவாளம் ஏறிக் கடக்கும் ஆபத்தை நீக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர்ப் பாதை தங்களுக்குத் தெரிந்த இடம்தான். மண்டபம் போகும் மெயின் ரோட்டிலிருந்து கடற்கரைக்குப் பிரியும் வழி. ரயில்வே கேட்டை எடுத்துவிட்டு இந்தச் சுரங்கப்பாதையைக் கட்டினார்கள். இதுபற்றி திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஏற்கெனவே மனு கொடுத்திருக்கிறோம். ரசீது இருக்கிறது, பதில் இல்லை. எனவே மறுபடியும் பணிவோடு எழுதுகிறோம்.

1. மழைத்தண்ணீர் மட்டும் பிரச்சினை இல்லை. இது மணல் பூமி, கொஞ்சம் தோண்டினாலே ஊற்று. தளத்தின் வழியாகவும் சுவர் இணைப்புகளின் வழியாகவும் தண்ணீர் கசிகிறது. மீன்பிடித் தடைக்காலத்து வெயிலிலும் ஈரம் காய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சொல்லவே வேண்டாம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது இங்கே பாதை இருந்த இடமே தெரியவில்லை.

2. மோட்டார் கொண்டுவருகிறார்கள். டீசல் யார் போடுவது என்று பேச்சு நடக்கிறது. அதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது.

3. ஐயா, இதைத்தான் தாங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும். பாதையில் தண்ணீர் நின்றால் எங்கள் பெண்கள் தண்டவாளம் ஏறித்தான் போகிறார்கள். விடியுமுன் தலையில் மீன் கூடையோடு ஜல்லிச் சரிவில் ஏறுகிறார்கள். ஜல்லி காலடியில் உருள்கிறது, கூடையை விட்டால் அன்றைய முதல் போச்சு. வாடைக்காற்று அடிக்கும் நாளில் ரயில் சத்தம் காதில் விழாது. ஒருத்தி மேலே நின்று இரண்டு பக்கமும் பார்த்துக் குரல் கொடுக்க, மற்றவர்கள் கடக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பள்ளிப் பிள்ளைகள் பையோடு ஏறுகிறார்கள். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்ததிலிருந்து ராமேஸ்வரம் வரை ரயில் மறுபடி ஓடுகிறது. அது எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் தண்டவாளத்தைக் கடப்பது ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். கீழே தண்ணீர், மேலே சட்டம். அந்தப் பெண்கள் எந்த வழியில் போவது? பிள்ளைகள் எந்த வழியில் போவது? யாராவது அடிபட்ட பிறகுதான் அதிகாரிகள் வர வேண்டுமா?

4. முடியாத வேலை என்று யாரும் சொல்ல வேண்டாம். சென்னையில் 2017 முதல் மண்ணுக்கடியில் மெட்ரோ ஓடுகிறது, கூவத்துக்குக் கீழேயே சுரங்கம் போகிறது. கொல்கத்தாவில் 2024 மார்ச் முதல் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ரயில் ஓடுகிறது. அங்கே கான்கிரீட் வளையங்களின் இணைப்புகளில் ரப்பர் வைத்து இறுக்கி அடைக்கிறார்கள். அதையும் மீறிக் கசிவதைத் தொட்டியில் சேர்த்து மோட்டார் வெளியேற்றுகிறது. நிலைய வாசலை ரோட்டைவிட உயர்த்திக் கட்டுகிறார்கள். நாங்கள் மெட்ரோ கேட்கவில்லை ஐயா, ஒரு சின்னப் பாதையில் அதே அக்கறையைக் கேட்கிறோம்.

5. ஆகவே கசிவை அடைத்து, சேகரிப்புத் தொட்டியும் தானாக இயங்கும் மின்மோட்டாரும், கரண்ட் போனால் ஓட ஜெனரேட்டரும் வைக்க வேண்டும். இருபக்கச் சரிவுக்கும் கூரை போட்டு, முகப்பில் மேடு கட்ட வேண்டும். பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுத்தில் சொல்ல வேண்டும். வேலை முடியும்வரை பெண்களும் பிள்ளைகளும் கடக்கும் நேரத்தில் ஒரு காவலரையாவது நிறுத்துங்கள். அதை மட்டுமாவது உடனே செய்யுங்கள்.

வரும் ஐப்பசிக்குள் தாங்களே நேரில் வந்து பார்வையிட்டு உத்தரவிடும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். காலை ஐந்து மணிக்கு வந்தால் எல்லாம் தங்கள் கண்ணிலேயே படும்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் இணைப்பில்)