கிளாஸ்கோவில் ஒரு ஜாக்கெட்டைத் துவைப்பது

கிளாஸ்கோ,
ஜனவரி 18.

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அப்பாவின் நலமும் அறிய ஆவல். சென்ற ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, நாற்காலியில் கிடந்த, பைக் ஓட்டும்போது நான் போடும் கறுப்பு ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு, "அதைத் துவைக்கவே மாட்டாயா?" என்று கேட்டீர்கள். அவசரத்தில் சிரித்து மழுப்பிவிட்டேன். துவைக்கிறேன் அம்மா, ஆனால் அது அரை நாள் வேலை என்பதால்தான் கடிதமாக எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் பக்கத்து ஊரான பெய்ஸ்லியில் இருக்கிறது. காலைப் பணிக்குப் பேருந்தை நம்ப முடியாததால் 125 சிசி பைக்கில் போகிறேன். பழகுநருக்கான 'எல்' அட்டை மாட்டிய வண்டி எம்8 நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது என்பதால், சிக்னலுக்குச் சிக்னல் நின்று உள்சாலையிலேயே போக வேண்டும். ஜாக்கெட்டுக்கு மூன்று அடுக்கு: வெளியே முரட்டு நைலான், அதற்குள் மழைநீரைத் தடுக்கும் மெல்லிய லைனர் (உள்துணி), அதற்கும் உள்ளே நம் ஊர் ரஜாயைப் போலப் பஞ்சு வைத்துத் தைத்த குளிர்கால லைனர். பின்னவை இரண்டையும் ஜிப்பைத் திறந்து தனியே கழற்றிவிடலாம்.

நாற்றமெல்லாம் அந்த இரண்டில்தான். வியர்வைக்குத் தன்னளவில் வாடை கிடையாதாம். தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. பருத்தியைவிட பாலியெஸ்டர் உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கை இறுகப் பிடித்துக்கொள்வதால், அலசினாலும் வாடை முழுதாகப் போவதில்லை. போதாக்குறைக்கு, நனைந்த ஜாக்கெட்டைக் காற்றுப் புகாத இரும்பு அலமாரியில் பூட்டிவிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் முறை நான் செய்தது முழு முட்டாள்தனம். எல்லாவற்றையும் ஒன்றாக இயந்திரத்தில் திணித்து, மணக்கட்டும் என்று துணி மென்மையாக்கும் திரவத்தை இரண்டு மூடி ஊற்றினேன். பூக்கடை போல மணந்தது உண்மைதான். ஆனால் நீர்புகா லைனர் பையைப் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டதால், பிழியும் சுற்றில் இயந்திரம் சமையலறையையே அதிரவைத்தது. அடுத்த வார மழையில் கைகள் இரண்டும் ஈரம். அந்தத் திரவம் துணியில் மெழுகுபோலப் படிந்து, நீரை உருட்டித் தள்ளும் பூச்சின் வேலையைக் கெடுத்துவிடுமாம். வெளித்துணி ஊறிவிட்டால் வியர்வையின் ஆவி வெளியேற வழியில்லை. ஆகவே அன்று நான் நனைந்தது மழையிலா, என் வியர்வையிலா என்பது இன்றுவரை தெரியவில்லை.

இப்போது முதலில், கீழே விழுந்தால் அடிபடாமல் காக்கும் தோள், முழங்கைப் பேடுகளை எடுத்து, எது இடது எது வலது என்று சாக்குக்கட்டியால் குறித்துவைப்பேன். பிறகு ஜிப்புகளை மூடி, வெல்க்ரோவை ஒட்டி, குளிர்கால லைனரை மட்டும் வெள்ளை வினிகர் ஒரு கோப்பை கலந்த வாளித் தண்ணீரில் அரை மணி ஊறவைப்பேன். வினிகரோடு பிளீச்சிங் மட்டும் ஒருபோதும் சேரக்கூடாது, நச்சு வாயு கிளம்பும். அதன்பின் 30 டிகிரியில், சலவைத் தூள் இல்லாமல் திரவ சோப்பால் துவைக்கிறேன். நீர்புகா லைனரைத் தொட்டியில் கையாலேயே அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்துவேன். இந்த நகரத்துக்கு 1859 முதல் லோக் கேட்ரின் ஏரியிலிருந்து தண்ணீர் வருகிறது; உப்பே இல்லாத மென்னீர். நம் ஆழ்குழாய்த் தண்ணீருக்குப் போடும் சோப்பைப் போட்டால் நுரை அடங்காது, பாதி போதும். தங்கிய சோப்பு மழைநீரை உள்ளே இழுக்கும் என்பதால் இரண்டு முறை அலசுகிறேன்.

"வெயிலில் போடு" என்பீர்கள். டிசம்பரில் இங்கே காலை 8:45-க்கு விடிந்து, மாலை 3:45-க்கு இருட்டிவிடுகிறது; நடுவில் தலைகாட்டும் வெயிலில் வடகம்கூடக் காயாது. இந்தப் பழைய வீட்டின் சமையலறைக் கூரையில் கயிறும் கப்பியுமாக ஒரு மரக்கொடி தொங்குகிறது. அதை இறக்கி லைனர்களை விரித்து மறுபடி மேலே ஏற்றிவிட்டால், மேலே தங்கும் வெதுவெதுப்பில் இரண்டு நாளில் காய்ந்துவிடும். பொறுமையிழந்து ஹீட்டர் மேல் போட்டால் தையலை மூடிய பட்டை உரிந்துவிடும். அரை ஈரத்தில் மடித்தால் பூஞ்சை. மீன் குழம்பு வைக்கும் நாளில் மட்டும் கொடியை ஏற்றுவதில்லை. ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சுகளைக் குழந்தை ஷாம்பூவில் அலசி அதே கொடியில் செருகிவிடுவேன்.

தம்பியும் ரைடிங் ஜாக்கெட் வாங்கியிருப்பதாகச் சொன்னான். அதை நீங்கள் துவைக்க நேர்ந்தால் பேடுகளை எடுத்துவிட்டு ஊறவையுங்கள். கல்லில் அடிக்க வேண்டாம், மொட்டை மாடியில் நிழல் விழும் பக்கமாகப் பார்த்துக் காயப்போடுங்கள். அவன் துவைப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்.