மகளின் திருமணத்தில் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

பேரன்புடையீர், வணக்கம்.

என் மகளின் திருமணம் சென்ற மாதம் பினாங்கில் இனிதே நடந்தேறியது. நேரில் வந்து வாழ்த்திய அனைவருக்கும் நன்றி. இந்த மடலைச் சிறப்பாக எழுதுவது, காகிதம் வீணாகக் கூடாது என்ற எங்கள் வேண்டுகோளுக்காகக் கூடுதல் சிரமம் ஏற்றவர்களுக்காக.

அந்த வேண்டுகோள் மணமகளுடையது. 2015ஆம் ஆண்டின் புகைமூட்டத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஆஸ்துமாவோடு சன்னல் அடைத்த அறைக்குள் கிடந்தாள். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் நகரின் உயர்ந்த கட்டடமான கொம்தார் கோபுரம்கூடத் தெரியவில்லை. புகை வந்த சுமத்ராவில், சதுப்புக்காடுகளை அழித்து நீரை வடித்து, செம்பனையும் (எண்ணெய்ப்பனை) காகிதக் கூழுக்கான அகேசியா மரங்களும் நட்டிருக்கிறார்கள். காய்ந்துபோன அந்த மண்ணில் தீப்பற்றினால் நிலத்துக்கடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். இதைப் படித்த நாள்முதல் அவள் ஒரு தாளின் மறுபக்கத்தை வெறுமையாக விட்டதில்லை.

லிட்டில் இந்தியாவில் அச்சகம் நடத்தும் அண்ணனுக்கு முதல் நன்றி. 600 அழைப்பிதழ் கேட்டுப் போன என்னிடம், “பெரியவர்களுக்கு மட்டும் 80 போதுமே” என்று தம் வருமானத்தைத் தாமே குறைத்துக்கொண்டார். பளபளக்கும் பொன்தாளும் பிளாஸ்டிக் பூச்சும் இருந்தால் பழைய தாளோடு சேர்த்து எடுக்கமாட்டார்கள் என்று விளக்கி, அவை இல்லாமலே அழகாக அச்சிட்டுத் தந்தார். மூலைகளில் மஞ்சள் தடவியதும் அதற்கு வேறு அலங்காரம் தேவைப்படவில்லை.

தொலைபேசியில் அழைத்ததையே அழைப்பாக ஏற்று வந்த உறவினர்களே, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லையே என்று ஒருவர்கூட மனத்தாங்கல் கொள்ளவில்லை. உங்கள் பெருந்தன்மையை மறக்கமாட்டேன்.

வாழையிலை நம் வழக்கம்தான்; அதில் சிரமமில்லை. குவளைகள்தாம் கவலையாக இருந்தன. காகிதக் குவளையின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். அதைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். கோயில் சமையற்கூடத்திலிருந்து 400 எவர்சில்வர் குவளைகளை இரவல் தந்த நிர்வாகத்துக்கும், இரவு பதினொரு மணிவரை அவற்றைக் கழுவித் துடைத்து அடுக்கிய அக்காமார்களுக்கும் எப்படி நன்றி சொல்வது? விருந்தில் பாதியை நீங்கள் நின்றபடியே சாப்பிட்டீர்கள் என்று பிறகுதான் அறிந்தேன். மன்னியுங்கள்.

“சூராட் கபார் லாமா” (பழைய செய்தித்தாள்) என்று மலாயில் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வேனில் வரும் பெரியவர், மறுநாள் காலையிலேயே மண்டபத்துக்கு வந்தார். எண்ணெய் பட்ட தாள் ஒன்று சேர்ந்தாலும் கட்டு கெட்டுவிடும் என்று சொல்லி, எங்களோடு தரையில் அமர்ந்து அட்டைப்பெட்டிகளையும் தாள்களையும் பிரித்துக் கொடுத்தார். ஐயா, உங்களிடம் கற்றதை வீட்டிலும் கடைப்பிடிக்கிறோம்.

பரிசுகளைப் பாத்தேக் எனும் மெழுகுச்சாய ஓவியத் துணியில் சுற்றித் தந்த அன்பர்களே, அந்தத் துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். ஒரு மாலை வீட்டுக்கு வந்து, தேநீர் அருந்திவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

நன்றியுடன்,
மணமகளின் தந்தை,
ஜெலுத்தோங், பினாங்கு