கோமுவுக்கு: மனசுக்குள் படமா, பேச்சா?

அன்புள்ள கோமு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் மனசு லேசானது. வலி போய்விட்டதே என்று டாக்டர் சொன்ன பயிற்சியை நிறுத்திவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சௌக்கியம். பாளையங்கோட்டை வெயில் இந்த வருடம் ஆளைத் தின்கிறது. மகன் ஆனித் தேரோட்டத்துக்கு லீவு போட்டுக்கொண்டு வருகிறேன் என்கிறான், வந்தால்தான் நிஜம். நான் உளவியல் எம்.எஸ்சி. இரண்டாம் வருடத்துக்கு வந்துவிட்டேன். காலமெல்லாம் பேங்கில் லெட்ஜர் பார்த்த கண்ணுக்கு மூளைப் படம் பார்ப்பது ஒரு மாறுதல்தான். இவர் மட்டும், "இந்த வயசில் பாஸ் பண்ணி யாருக்கு வைத்தியம் பார்க்கப் போகிறாய்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். முதல் ஆள் அவர்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். ஒன்று, பேத்தி நிலாவின் பள்ளிக்கூடத்தில் ஏதோ சோதனை வைத்து அவள் 'விஷுவல் லேர்னர்' என்று சீட்டுக் கொடுத்தது. சொல்லிக் கொடுத்தால் ஏறாது, படமாகக் காட்டினால்தான் ஏறும், அதற்குத் தனிப் பாக்கேஜ் வாங்குங்கள் என்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டாய். இன்னொன்றை, மறைந்த உன் வீட்டுக்காரரைப் பற்றி, போகிற போக்கில் எழுதியிருந்தாய்: "கண்ணை மூடினால் அவர் அப்படியே வந்து நிற்கிறார், சட்டையின் கட்டம்கூடத் தெரிகிறது. உனக்கும் உன் அம்மா அப்படித்தானே வருவார்கள்?" இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு முனை. பின்னதிலிருந்து தொடங்குகிறேன்.

வர மாட்டார்கள், கோமு. அம்மாவின் மூக்குத்தி எந்தப் பக்கம், வெற்றிலை போட்ட உதட்டோரம் எப்படி மடியும், எந்தச் சேலைக்கு எந்த ரவிக்கை, எல்லாம் கேட்டால் சொல்வேன். ஆனால் பார்ப்பதில்லை. கண்ணை மூடினால் இருட்டுதான். பாசம் குறைவு என்று நினைத்துவிடாதே. அம்மாவை நினைத்தால் எனக்கும் தொண்டை அடைக்கிறது, முகம்தான் வருவதில்லை.

இது எனக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை. இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் என்பவர் 1880-லேயே இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். இன்று காலை நீங்கள் உட்கார்ந்த சாப்பாட்டு மேசையை நினைத்துப் பாருங்கள்; தெளிவாகத் தெரிகிறதா, மங்கலா, நிறம் இருக்கிறதா என்று பலருக்கும் கேள்வித்தாள் கொடுத்தார். தனக்குத் தெரிந்த விஞ்ஞானிகளிடம் முதலில் கேட்டார். அவர்களில் பலர், மனக்கண் என்பதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது, நிஜமாகவே பார்ப்பதாக யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டார்கள். மற்ற மனிதர்களிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் கேட்டால், 'பார்க்கிறோமே, இதில் என்ன சந்தேகம்?' என்று பதில் வந்தது. படித்துப் படித்து விஞ்ஞானிகளுக்கு அந்தத் திறன் தேய்ந்துவிட்டது என்று கால்டன் முடிவு கட்டினார். அது கொஞ்சம் அவசரம். 2006-ல் அவருடைய தகவல்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தவர்கள், விஞ்ஞானிகள் அப்படி ஒன்றும் மோசமில்லை என்று எழுதினார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது, பக்கத்தில் இருப்பவருக்கே அது தெரியாது என்று அவர் கண்டது இன்றைக்கும் நிற்கிறது.

அப்புறம் வெகுகாலம் இதை யாரும் பெரிதாகத் தொடவில்லை. 2010-ல் ஆடம் ஜீமன் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். ஓய்வு பெற்ற கட்டட அளவையாளர், வயது 65. இதயத்துக்கு ஆன்ஜியோபிளாஸ்டி செய்துகொண்ட பிறகு அவருக்கு மனப்படம் சுத்தமாக நின்றுபோனது. அதுவரை தூங்கப் போகும்போது வேண்டியவர்களின் முகங்களை வரவழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். படம் போனது, அறிவு போகவில்லை. வழக்கமான நினைவுச் சோதனைகளில் நன்றாகவே செய்தார். அந்தச் செய்தி பத்திரிகையில் வந்ததும், 'எனக்குப் பிறந்ததிலிருந்தே இப்படித்தான்' என்று ஜீமனுக்குப் பலர் எழுத ஆரம்பித்தார்கள். 2015-ல் அவர் இதற்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார். படமே வராதவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுக்குத்தான் இருப்பார்கள். மிக மங்கலாக வருபவர்களையும் சேர்த்தால் நூற்றுக்கு நான்கு பேர் வரை. நீ இதற்கு நேர் எதிர்ப் பக்கத்து ஆள், கோமு. நேரில் பார்ப்பது போலவே வருகிறவர்களும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் உண்டு.

'பார்க்கிறேன், பார்க்கவில்லை' என்பதெல்லாம் சொல்லும் விதத்தில் உள்ள வித்தியாசமாக இருக்கலாமே என்று இவர் கேட்டார். நல்ல கேள்விதான். 2022-ல் ஆஸ்திரேலியாவில் ஜோயல் பியர்சன் குழு கண்மணியை அளந்து பார்த்தது. வெளிச்சமான உருவத்தை மனசில் நினைக்கச் சொன்னால் பெரும்பாலோருக்குக் கண்மணி சுருங்குகிறது, நிஜ வெளிச்சம் பட்டது போலவே. அஃபான்டேசியா உள்ளவர்களுக்குச் சுருங்கவில்லை. முயற்சி செய்யாமல் சும்மா இருந்தார்களோ என்றால் அதுவும் இல்லை. ஒன்றுக்குப் பதில் நான்கு உருவங்களை நினைக்கச் சொன்னபோது, பாரம் கூடினால் கண்மணி விரியுமே, அது அவர்களுக்கும் விரிந்தது. வாய் சொல்வதை நம்பாவிட்டாலும் கண்மணியை நம்பித்தானே ஆக வேண்டும்.

சரி, படம் வராதவர்கள் எல்லோரும் சொல்லால்தான் யோசிக்கிறார்களா? இங்கேதான் எனக்குச் சுவாரசியம் பிடித்தது. மார்கழியில் நாம் இரண்டு பேரும் ரத வீதியில் போட்ட கோலத்தை நினைத்துப் பார். பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி எட்டில் முடியும். நீ புள்ளி வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாய், பிறகு எந்த இடத்திலிருந்தும் தொடங்குவாய். முழுக் கோலமும் உனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. நான் எப்போதும் இடது மூலையிலிருந்துதான். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் போச்சு, மறுபடி மூலைக்கே போய் விரலால் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். எனக்குக் கோலம் படமாகவும் இல்லை, 'இங்கே வளை, அங்கே சுற்று' என்று சொல்லாகவும் இல்லை. கைக்குத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் முடித்த பிறகு எது உன் கோலம், எது என் கோலம் என்று யாராவது கண்டுபிடித்தார்களா?

சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1970-களில் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரோடு சேர்ந்து கோலத்துக்குக் கணித இலக்கணம் எழுதினார். கோலத்தைக் கையின் நகர்வுகளாகப் பிரித்து எழுதும் வழியும் பின்னால் வந்தது. அதைப் படித்தபோது என் கை செய்வதை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்று இருந்தது. ஐன்ஸ்டீனிடம் ஹடமார்ட் என்ற கணித அறிஞர், நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். சொற்களுக்கு என் யோசனையில் பங்கே இல்லை போலிருக்கிறது, வருவதெல்லாம் கண்ணால் காண்பது போன்றதும், சிலது தசை சார்ந்ததும் என்று பதில் எழுதினார் ஐன்ஸ்டீன். எல்லோரும் முதல் பாதியை மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அந்தத் தசைதான் பிடித்திருக்கிறது.

இன்னொரு பக்கமும் கேள். பிக்ஸார் நிறுவனத்தின் தலைவராக இருந்த எட் கேட்மல், உலகத்துக்கே கார்ட்டூன் படம் காட்டியவர், தன் மனசுக்குள் படம் வராது என்கிறார். டிஸ்னியில் பெயர் வாங்கிய ஓவியர் கிளென் கீனுக்கும் அப்படியே. தாளில் கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டுத்தான் உருவத்தைக் கண்டுபிடிக்கிறார்.

சொல் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வாயில் வருவது இரண்டு மூன்று வார்த்தைகள்தான். ஆனால் சாயங்காலம் சீட்டு விளையாட உட்கார்ந்தால் இவரைத் தோற்கடிக்காமல் எழுந்திருப்பதில்லை. சொல் போனால் யோசனையும் போக வேண்டும் என்றால் அது எப்படி நடக்கும்? 2005-ல் ரோஸ்மேரி வார்லி என்பவர் மொழி மிகவும் பாதிக்கப்பட்ட மூன்று பேரைச் சோதித்தார். 'மனிதன் சிங்கத்தைக் கொன்றான்', 'சிங்கம் மனிதனைக் கொன்றது' என்பது போன்ற வாக்கியங்களில் யார் யாரைக் கொன்றார்கள் என்று அவர்களால் பிரிக்க முடியவில்லை. ஆனால் கணக்கில் எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதில் குழப்பமே இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "நான் நாள் முழுக்க எனக்குள்ளே பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார். அமெரிக்காவில் ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் என்று ஒருவர், ஆட்களிடம் ஒரு பீப்பரைக் கொடுத்து அனுப்புவார். எதிர்பாராத நேரத்தில் அது ஒலிக்கும். ஒலிப்பதற்கு முந்தின கணத்தில் மனசில் என்ன இருந்தது என்று எழுத வேண்டும். அதே மாதிரி இவர் போனில் மகனை விட்டு அலாரம் வைக்கச் சொன்னேன். மனிதர் திண்டாடிப்போனார். முதல் நாள் எல்லாம் 'பேச்சு' என்றே எழுதினார். என்ன வார்த்தை, தமிழா, இங்கிலீஷா என்று நான் குடைந்ததும் பதில் வரவில்லை. வண்டிச் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறார். 'சாவி' என்ற சொல்லும் இல்லை, சாவியின் படமும் இல்லை, ஆனால் தேடுவது சாவியைத்தான் என்று தெரியும். ஹர்ல்பர்ட்டும் இதைத்தான் சொல்கிறார்: உள்ளே பேச்சு, உள்ளே படம் என்பவை தவிர, இரண்டும் இல்லாத யோசனை என்று ஒன்று இருக்கிறது, பலருக்கு அது அடிக்கடி வருகிறது. தன்னைப் பற்றித் தானே சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்பதும் அவர் கட்சி. ஆகவே படமா, சொல்லா என்ற கேள்வியே அரைகுறை என்று நினைக்கிறேன். பாதி நேரம் யோசனை எதையும் உடுத்திக்கொள்ளாமலேதான் நடக்கிறது.

இப்போது நிலா. பாக்கேஜ் வாங்காதே. உன் மகளிடம் நான் சொன்னேன் என்று சொல். ஹெரால்டு பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் 2008-ல் இந்த 'லேர்னிங் ஸ்டைல்' ஆராய்ச்சிகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். பிள்ளையின் வகையைப் பார்த்து அந்த வகையிலேயே பாடம் நடத்தினால் நன்றாகப் படிக்கும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்றார்கள். பிள்ளைகளுக்கு விருப்பம் இருக்கிறது, அது நிஜம். ஆனால் பிடித்தது வேறு, மண்டையில் ஏறுவது வேறு. பூகோளம் என்றால் யாருக்கும் வரைபடம் வேண்டும். வாய்ப்பாடு என்றால் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்குச் சீட்டைவிட அந்தப் பேச்சுதான் பயம். 'சொன்னால் ஏறாது' என்று ஏழு வயசுப் பிள்ளையின் காதுபட நாலு தடவை சொன்னால், கதை சொன்னாலும் கேட்காமல் போய்விடும். நீ ராத்திரி கதை சொல்வதை நிறுத்திவிடாதே.

ஒன்று மட்டும் நீ விரிவாக எழுதவில்லை, ஆனால் எனக்குப் புரிந்தது. உன் வீட்டுக்காரர் சட்டையோடு வந்து நிற்கிறார் என்றால், ஆஸ்பத்திரிக் கட்டிலும் வரும், இல்லையா? கூப்பிடாமலே வரும். எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை, அதில் நான் கொடுத்து வைத்தவள்தான். எமிலி ஹோம்ஸ் என்ற உளவியலாளரின் குழு ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனையில் ஒன்று செய்தது, முடிவு 2017-ல் வந்தது. வாகன விபத்தில் அடிபட்டு வந்தவர்கள் 71 பேரில் ஒரு பகுதியினரை, விபத்தைச் சற்று நினைத்துக்கொண்டு, கட்டை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டை ஆடச் சொன்னார்கள். அவர்களுக்கு அடுத்த வாரத்தில் அந்தக் காட்சிகள் திரும்பத் திரும்ப வருவது குறைந்தது. படம் ஓடுகிற இடத்தை வேறு படவேலை பிடித்துக்கொள்கிறது என்கிறார்கள். அது விபத்து நடந்த சில மணி நேரத்துக்குள் செய்தது, உன்னுடையது இரண்டு வருடத்துச் சங்கதி, ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாது. ஆனாலும் கட்டில் வரும் நேரத்தில் துணியை விரித்துக் கட்டிங் போட்டுப் பார். டி.வி. வேண்டாம், கையும் கண்ணும் சேர்ந்து மும்முரமாகிற வேலையாக இருக்கட்டும். அப்படியும் தூக்கம் கெட்டால், சங்கடப்படாமல் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடு. நீ தனியாகப் போகத் தயங்கினால் நான் கோயம்புத்தூருக்கு வருகிறேன், பரீட்சை முடிந்துவிட்டது.

ஏட்டி, அதைவிட நீயே இங்கே வரலாம். தேரோட்டத்துக்கு நிலாவையும் கூட்டிக்கொண்டு வா. ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் இங்கே இருப்பாய். போனமுறை கொடுத்த நீல ரவிக்கையின் அளவை வைத்து இனி எதையும் வெட்டிவிடாதே, நான் ஒரு சுற்று பெருத்துவிட்டேன். வரும்போது நேரில் அளவு எடுத்துக்கொள். எந்தத் தேதி என்று முடிவு பண்ணியதும் உடனே எழுது.

அன்புடன்,
செல்வி