நாரா தள்ளி வைத்த பாட்டுகள்

அன்புள்ள பாப்பா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர மூன்று வாரமாவது ஆகும். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் போதாதா என்று நீ கேட்பாய். தபால் ஆபீஸில் 31 வருஷம் முத்திரை குத்திய கை இது. முக்கியமான விஷயம் என்றால் உறையில் போட்டு ஒட்டினால்தான் சொன்ன மாதிரி இருக்கிறது.

போன மாதம் நீ ஒரு பாட்டுப் பட்டியல் அனுப்பினாய். கூடவே, "தமிழ்ப் பாட்டு போட்டா அழுகை வருதும்மா, இது புரியாத பாஷை, அதான் கேக்க முடியுது" என்றாய். அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், சரி, அவள் கேட்பதை நாமும் கேட்டுப் பார்ப்போம் என்று போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்தேன். கீரை முடிந்தது, பாட்டை நிறுத்த மனசு வரவில்லை. ஒரு மாதமாக உன் அப்பாவுக்குக் காலைக் காப்பியோடு பிரேசிலும் சேர்ந்து கிடைக்கிறது.

பட்டியலில் இருந்தவர்களில் என்னைப் பிடித்து உட்கார வைத்தவள் நாரா லெயாவ். லெயாவ் என்றால் போர்ச்சுகீசில் சிங்கமாம். இத்தனை சின்னக் குரலுக்கு அப்படி ஒரு குடும்பப் பெயர்! 'போஸா நோவாவின் தேவதை, பீச் ஓர வீட்டுப் பெண்' என்று நீ எழுதியிருந்தாய். ரியோவில் பிறந்த அந்த மெதுவான பாட்டு வகைக்குப் பேர்தான் போஸா நோவா. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒரு மாதமாகத் தேடிப் படித்தபிறகு, அந்த வரியோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பீச் ஓர வீடு என்பது உண்மைதான். 1942இல் விட்டோரியா என்ற ஊரில் பிறந்தவள், குழந்தையிலேயே ரியோவுக்கு வந்துவிட்டாள். கோப்பகபானாவில் கடலைப் பார்த்த பெரிய அபார்ட்மெண்ட். அப்பா வக்கீல். பிள்ளைகள் ராத்திரி முழுக்கக் கிதாரோடு உட்கார்ந்திருந்தால் விரட்டாத மனுஷர். ரொபெர்ட்டோ மெனெஸ்கால், கார்லோஸ் லீரா, பாட்டெழுதிய ரொனால்டோ போஸ்கோலி என்று ஒரு கூட்டமே அந்த ஹாலில் கிடந்தது. போஸா நோவா பிறந்ததே அந்த ஹாலில்தான் என்று ஒரு கதை சொல்கிறார்கள். அது கொஞ்சம் மிகை. ஜொபிமும் வினீசியஸும் எழுதி, ஜுவாவ் ஜில்பெர்ட்டோ 1958இல் பாடிய 'ஷேகா டி சவுதாஜி' இல்லாமல் எந்த ஹாலிலும் எதுவும் பிறந்திருக்காது. அந்தத் தலைப்புக்கு 'ஏக்கம் போதும்' என்று அர்த்தம். நீ ஏக்கத்துக்கு மருந்தாக எதைக் கேட்கிறாய் பார்!

இந்தப் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. மாடி வீட்டுப் பையன் கிதார் கற்றுக்கொள்கிறான் இல்லையா, அவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். நைலான் தந்திக் கிதார், மீட்டுகிற 'பிக்' கிடையாது, வெறும் விரல்தான். கட்டைவிரல் தடித்த தந்தியில் 'தும்... தும்...' என்று மாறாமல் போய்க்கொண்டிருக்கிறது. சாம்பா என்கிற பிரேசில் ஆட்டபாட்ட ஊர்வலத்தில் பெரிய முரசு செய்யும் வேலை அது. மற்ற விரல்கள் மூன்று தந்திகளைச் சேர்த்துக் கிள்ளுகின்றன. ஆனால் எப்போதும் கட்டைவிரல் விழும் இடத்திலேயே கிள்ளுவதில்லை, பல சமயம் அதற்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழுகின்றன. அது சின்னக் கொட்டின் வேலை. ஒரு ஊர்வலம் முழுவதையும் ஒரு கைக்குள் சுருக்கி வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் பாடுகிறவர் அவசரமே இல்லாமல், தாளத்துக்குப் பின்னால் நடந்து வந்து, கடைசியில் சரியாகப் படியேறிவிடுகிறார். என் பாட்டு டீச்சர் எடுப்பு தள்ளி வரும், அதாவது தாளம் தொடங்கிக் கொஞ்சம் கழித்துப் பாட்டு தொடங்கும் கீர்த்தனையைச் சொல்லிக்கொடுக்கும்போது, என் தொடையிலேயே தட்டித் தாளம் போடுவார். அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. பையன் பத்து நிமிஷத்தில் விரல் வலிக்கிறது என்று முறுக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

கத்த வேண்டாம், குரலை ஆட்ட வேண்டாம், மைக் பார்த்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் 'குரல் பத்தாது' என்று கோரஸின் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்ட என்னைப் போன்றவர்களுக்கு இது எப்படி இனிக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாராவையும் இப்படித்தான் சொன்னார்கள். பத்திரிகைகள் குரலை விட்டுவிட்டு அவள் முழங்காலைப் பற்றி எழுதின. நிஜமாகத்தான் சொல்கிறேன், முழங்காலைப் பற்றி!

இனிமேல்தான் சண்டை. நீ தேவதை என்கிறாயே, அந்தத் தேவதை முதல் இசைத்தட்டு போடும்போதே கோயிலை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

1961இல் அவளுக்கும் போஸ்கோலிக்கும் கல்யாணம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, அவரோடு கச்சேரிப் பயணம் போன மைசா என்ற பெரிய பாடகி, திரும்பி வந்ததும் தங்களுக்குத்தான் கல்யாணம் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். நாரா அதோடு அவரை விட்டாள், அந்தக் கூட்டத்தையும் பாதி விட்டாள். காதல் முறிவால்தான் பாட்டை மாற்றினாள் என்று சிலர் எழுதுகிறார்கள். ஒரு பெண் எதைச் செய்தாலும் அதன் பின்னால் ஒரு ஆண் இருந்தாக வேண்டும் இவர்களுக்கு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கார்லோஸ் லீரா அவளுக்குக் காட்டிய மனிதர்கள்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது: கர்ட்டோலா, நெல்சன் கவாக்கின்யு, செ கெட்டி. ஏழைகள் குடியிருந்த குன்றுகளிலும் புறநகர்களிலும் இருந்த பழைய சாம்பாக்காரர்கள். கர்ட்டோலா மங்கேய்ரா சாம்பாப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பள்ளி என்றாலும் அது கார்னிவல் ஊர்வலத்துக்கு ஆடிப் பாடும் சங்கம். அப்படிப்பட்ட மனுஷர் எல்லோருக்கும் மறந்துபோய், இபனேமாவில் கார் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு பத்திரிகையாளர் அடையாளம் கண்டு மீட்டுக் கொண்டுவந்தார். அப்புறம் அவரும் மனைவி ஸிக்காவும் ரியோவில் 'ஸிக்கர்ட்டோலா' என்று ஒரு சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். மேலே குன்றில் இருந்தவர்களும் கீழே கடலோரத்தில் இருந்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்த இடம் அது.

1964இல் எலென்கோ என்ற சின்னக் கம்பெனியில் அவளுடைய முதல் தட்டு வந்தது. பெயர் வெறும் 'நாரா'. போஸா நோவா தேவதையின் தட்டு என்று ஆவலோடு வாங்கியவர்களுக்கு உள்ளே கர்ட்டோலாவும் செ கெட்டியும் இருந்தார்கள். கர்ட்டோலாவின் 'சூரியன் உதிக்கும்' பாட்டைப் போட்டுக் கேள். குரல் அதே சின்னக் குரல்தான், ஒரு இம்மி உயர்த்தவில்லை. குன்றின் பாட்டுக்குக் குன்று வேஷம் கட்டாமல், தன் வீட்டு ஹாலில் பேசுவதுபோலவே பாடுகிறாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அந்த வருஷமே ஒரு பத்திரிகைப் பேட்டியில், போஸா நோவாவோடு தனக்கு இனி ஒட்டில்லை என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டாள். பழைய நண்பர்களுக்கு எப்படி இருந்திருக்கும் பார்!

நடுவில் ஏப்ரல் 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. டிசம்பரில் கோப்பகபானாவில் ஒரு ஷாப்பிங் சென்டருக்குள் இருந்த அரங்கில் 'ஒப்பினியாவ்' என்ற நிகழ்ச்சி. 'கருத்து' என்று அர்த்தம். இயக்கியவர் அகுஸ்டோ போவால். மேடையில் மூன்று பேர்: பணக்கார வீட்டு நாரா, ரியோ சாம்பாக்காரர் செ கெட்டி, நாட்டின் வடகிழக்கிலிருந்து வந்த ஜுவாவ் டோ வாலி. அடித்தாலும் ஜெயிலில் போட்டாலும் என் கருத்தை மாற்ற மாட்டேன் என்கிற செ கெட்டியின் பாட்டிலிருந்துதான் தலைப்பே வந்தது. சில வாரங்களில் நாராவுக்குத் தொண்டை கட்டிப்போனது. தன் இடத்துக்கு யாரைச் சொன்னாள் தெரியுமா? பாஹியாவில் தான் பார்த்திருந்த, ரியோவில் யாருக்கும் தெரியாத 18 வயதுப் பெண்ணை. மரியா பெத்தானியா. அந்தப் பெண் வந்து 'கர்க்கரா' என்ற பாட்டைப் பாடிய வேகத்தில் ஊர் அதிர்ந்தது. தன்னைவிட நாலு மடங்கு குரல் உள்ளவளைத் தன் நாற்காலியில் உட்கார வைக்க ஒரு மனசு வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் லீவில் போகிறவர்கள் யாரைப் போட்டுவிட்டுப் போவார்கள் என்று எனக்குத் தெரியும்.

1966இல் ராணுவத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று பேட்டியில் சொல்லிவிட்டாள். அவளைக் கைது செய்வார்கள் என்று பேச்சு எழுந்தபோது, கார்லோஸ் டிரம்மோண்ட் என்கிற அந்த நாட்டின் மகாகவி, பெண்ணைப் பிடித்துப் போடாதீர்கள் என்று ஆட்சியிலிருந்த மார்ஷலுக்கே விளையாட்டாக ஒரு கவிதை எழுதினார். அதே வருஷம் 'ரெக்கார்ட்' என்ற டிவி சேனல் நடத்திய பாட்டுப் போட்டியில் ஷிக்கோ புவார்க்கியின் 'பேண்டு வாத்தியம்' என்ற பாட்டை அவரோடு சேர்ந்து பாடினாள். தெருவில் பேண்டு வாத்தியம் போகும்போது எல்லோரும் கவலையை மறக்கிறார்கள். அது போனதும் அவரவர் வலி அவரவருக்கு. அந்தப் பாட்டுக்கு இன்னொரு பாட்டோடு முதல் பரிசு பகிர்ந்து கிடைத்தது.

இன்னொன்று சொல்லாமல் விட மனசில்லை. 1967 ஜூலையில் சாவ் பாவ்லோவில் மின்சாரக் கிதாருக்கு எதிராக ஒரு ஊர்வலம் போனது. நம் இசையைக் காப்போம் என்று எலிஸ் ரெஜினா, ஜில்பெர்ட்டோ ஜில் போன்ற பாடகர்கள் எல்லோரும் நடந்தார்கள். நாரா ஹோட்டல் ஜன்னலில் நின்று பார்த்தாள். பக்கத்தில் நின்ற பாடகர் கயெட்டானோ வெலோஸோ பின்னால் சொல்லியிருக்கிறார்: அந்தக் காலத்துப் பாசிசக் கட்சி ஊர்வலம் மாதிரி இருக்கிறது என்றாளாம். மண்ணின் பாட்டுக்காகப் பழைய நண்பர்களையே பகைத்துக்கொண்டவள் அவள். ஆனால் அந்தப் பேரைச் சொல்லி இன்னொரு வாத்தியத்தை விரட்டக் கிளம்பியபோது கூட வரவில்லை. அடுத்த வருஷம் கயெட்டானோவும் ஜில்லும் மின்சாரக் கிதாரோடு போட்ட 'ட்ரொப்பிகாலியா' தட்டில் அவளும் ஒரு பாட்டு பாடினாள்.

அந்த 1968 டிசம்பரில் கெடுபிடி உச்சத்துக்குப் போனது. கயெட்டானோவையும் ஜில்லையும் பிடித்துப் போட்டார்கள். நாராவும் கணவர் காக்கா டியேகஸும் 1969இல் பாரிஸுக்குப் போய்விட்டார்கள். அவர் சினிமா டைரக்டர். அடுத்த வருஷம் அங்கேயே மகள் பிறந்தாள்.

பாப்பா, இங்கேதான் நான் கீரையைக் கீழே வைத்தேன். தொலைதூர ஊர், கைக்குழந்தை, நண்பர்கள் சிதறிப் போய்விட்டார்கள். அப்போது அவள் எதைப் பாட உட்கார்ந்தாள் தெரியுமா? ஏழு வருஷத்துக்கு முன் ஒட்டில்லை என்று சொன்னாளே, அதையே. 'இன்சென்சாடெஸ்', 'டெஸாஃபினாடு', 'கோர்க்கோவாடு', 'ஏக்கம் போதும்' என்று ஒன்று விடாமல். தன் இளம் வயதுப் பாட்டுகள். உலகமெல்லாம் பாடித் தேய்த்துவிட்ட 'இபனேமாப் பெண்'ணைக்கூட விடவில்லை. 1971இல் இரட்டைத் தட்டாக வந்தது. தலைப்பு 'பத்து வருஷத்துக்குப் பிறகு'. போஸா நோவாவின் தேவதை முழுசாக ஒரு போஸா நோவாத் தட்டு போட்டது அப்போதுதான்.

பாரிஸில் பதிந்த பாட்டுகளில் கிதார் வாசித்தது டூக்கா என்ற இன்னொரு பிரேசில் பெண். நீ 'இன்சென்சாடெஸ்'ஸை இயர்போனில் கேள், வேறு வேலை பார்க்காமல் கேள். விரல் தந்தி மாறும்போது 'சர்' என்று ஒரு உராய்வு கேட்கும். நாரா ஒரு அடியை முடித்துவிட்டு மூச்சு வாங்குவது கேட்கும். தன் தவறால் ஒரு மனசை அழ வைத்துவிட்டேனே என்று வருந்தும் பாட்டு அது. அவள் குரலில் வருத்தத்தைத் தேடினால் கிடைக்காது. தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பது போலப் பாடுகிறாள். அந்த அடக்கம்தான் என்னை ஒருவழி ஆக்கியது. நீ பிறந்த வருஷம் நான் அப்படித்தான் பாடுவேன், தொட்டில் கயிறு ஆடுகிற சத்தம்கூடப் பாட்டைவிடப் பெரிசாக இருக்கும்.

அதற்கப்புறம் அவள் ஊர் திரும்பினாள், இன்னொரு பிள்ளை பிறந்தான். பாட்டைக் கொஞ்ச காலம் ஓரமாக வைத்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்து உளவியல் படித்தாள். 1977இல் ஜொபிம் முதல் கயெட்டானோ வரை நண்பர்களோடு ஜோடியாக ஒரு தட்டு. அடுத்த வருஷம், பெரிய மனிதர்கள் ரேடியோப் பாட்டு என்று மூக்கைச் சுளித்த ரொபெர்ட்டோ கார்லோஸ், எராஸ்மோ கார்லோஸ் பாட்டுகளாகவே ஒரு தட்டு. யார் மூக்கைச் சுளித்தாலும் கவலைப்படுகிற ஆள் இல்லையே அவள். எண்பதுகளில் பழைய மெனெஸ்காலே கிதாரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆனால் மூளையில் கட்டி. 1989 ஜூன் 7, ரியோ. 47 வயசுதான்.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அவர் அதைக் கட்டுக்குள் வைக்க மாட்டேன் என்கிறார். முருங்கை நிறையக் காய்த்து, தெருவெல்லாம் கொடுத்தாகிவிட்டது.

இதோடு வருகிற பார்சலில் சுண்டைக்காய் வற்றல், இட்லிப் பொடி, அந்த நீலச் சால்வை. சால்வைக்குள் ஒரு பென் டிரைவ் இருக்கிறது, உதறும்போது விழுந்துவிடப் போகிறது. பன்னிரண்டு தமிழ்ப் பாட்டு. இப்போதே கேட்க வேண்டாம், அலமாரியில் போட்டு வை. பதினொன்று உனக்குத் தெரிந்தவர்கள் பாடியது. பன்னிரண்டாவது நான் பாடியது, மாடிப் பையன் கிதார். ஆறு முறை எடுத்தோம். நடுவில் குக்கர் விசில் கேட்கும், அதை எடுக்கத் தெரியவில்லை.

சுங்கப் படிவத்தில் 'பரிசுப் பொருள், மதிப்பு 900 ரூபாய்' என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா