செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரலில் கூட வேண்டிய நம் ஆண்டுப் பேரவை தேர்தலால் மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் போகாமல் காப்பாற்றிய பொருளாளருக்கு முதல் நன்றி. உறுப்பினர்கள் 112 பேரிலிருந்து 119 பேர் ஆகியிருக்கிறோம். மாதக் கூட்டம் பதினொன்று நடந்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் மிதந்தபோது கூட்டம் போட ஆளும் இல்லை, சொல்லி அனுப்ப சிக்னலும் இல்லை.

இந்த ஆண்டு நம்மை அதிகம் பேசவைத்தது ஒரு காசோலை. ஜூலையில் ஒருவர் வந்து, நுகர்வோர் முகாம்களுக்காக 25,000 ரூபாய் தருகிறேன், ரசீதில் மட்டும் 'நலம் விரும்பி' என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு செயற்குழுக் கூட்டங்கள் இதிலேயே போயின. அவர் நல்லவர்தான், எதையும் எதிர்பார்க்கவில்லை என்று பாதிப்பேர் சொன்னார்கள். நாளைக்கு அவர் கடை மேல் ஒரு புகார் வந்தால் நாம் என்ன செய்வோம் என்று மீதிப்பேர் கேட்டார்கள். கடைசியில் காசோலையைத் திருப்பிக் கொடுத்தோம். அவருக்கு வருத்தம்தான், இப்போதும் வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்தத் தொகை இருந்திருந்தால் நான்கு முகாம் நடத்தியிருக்கலாம் என்பதையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

ஏழு மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 15 அன்று, உச்ச நீதிமன்றத்தில் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்றது. கட்சிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவில் அடங்கிய வாக்காளரின் உரிமை என்பதே தீர்ப்பின் சாரம். நம் சங்கம் 25,000 ரூபாய்க்கு இரண்டு கூட்டம் போட்ட கேள்வியை, நாடு பல ஆயிரம் கோடி கைமாறிய பிறகு கேட்டது. 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட திட்டம் இது. ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை பத்திரம் வாங்கலாம், பதினைந்து நாளுக்குள் கட்சி அதைப் பணமாக மாற்றிக்கொள்ளலாம், கொடுத்தவர் பெயர் வெளியே வராது என்று இருந்தது. இதற்கு வழிவிட்ட 2017 நிதிச் சட்டம், நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்ற வரம்பையும் எடுத்துவிட்டது. லாபமே இல்லாத கம்பெனியும் கொடுக்கலாம் என்று ஆனது!

கொடுத்தவர், பெற்றவர் விவரத்தைத் தர ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டு, நீதிமன்றம் மறுத்து, மார்ச் 14 அன்று பட்டியல் வெளியானது. வாங்கியவர் ஒரு கோப்பில், பெற்ற கட்சி இன்னொரு கோப்பில், இரண்டும் சேர்த்து எழுநூறு பக்கத்துக்கு மேல். இரண்டையும் இணைக்கும் பத்திர எண்கள் ஒரு வாரம் கழித்தே வந்தன. நம் இளைஞர் அணியினர் ஐவர் நான்கு இரவு உட்கார்ந்து, தமிழ்நாட்டோடு தொடர்புள்ள வரிகளைத் தனியே எடுத்தார்கள். பட்டியலில் முதலிடம் கோவையோடு தொடர்புள்ள லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங்குக்கு: 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தி.மு.க.வுக்குப் போயிருக்கிறது. நாடு முழுவதும் அதிகம் பெற்றது பா.ஜ.க. பத்திரமே வேண்டாம் என்றிருந்த மார்க்சிஸ்ட் கட்சி வழக்குப் போட்டவர்களில் ஒன்று. மார்ச் கூட்டத்தில் இதை வாசித்தபோது எல்லாக் கட்சிக்காரர்களும் இருந்த அவையில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அதே பட்டியலில், தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் உரிமையாளரான வேதாந்தா சுமார் 400 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியதைப் பார்த்ததும் பேச்சு 2018 மே மாதத்துக்குப் போய்விட்டது. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள், மே 23, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். செத்தது யார், ஆஸ்பத்திரியில் இருப்பது யார் என்று தெரியாமல் நம்மில் பலர் பஸ் நிலையத்தில் போய் நின்றோம். பத்திரத்துக்கும் அந்த உத்தரவுக்கும் முடிச்சுப் போட நம்மிடம் ஆதாரம் எதுவும் இல்லை. தாமிர உற்பத்திக்கு ஆலையும் அதன்பின் திறக்கவில்லை, பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. ஆனால் கொடுத்தவர் பெயர் பூட்டியிருந்த காலம் முழுக்க அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட வழியில்லாமல் இருந்ததே, அதுதான் என் குறை. டிசம்பரில் சிக்னல் போனதற்கு மழை காரணம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. உத்தரவு போட்டு நிறுத்தினால் கேட்கத்தானே வேண்டும்?

கேட்டும் பார்த்தோம். இணைய நிறுத்த உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று, காஷ்மீர் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி, ஐந்தாண்டு உத்தரவுகளின் நகல் கேட்டு செப்டம்பரில் தகவல் உரிமை மனு அனுப்பினோம். அந்த அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பியது. அது மறுபடி முதல் அலுவலகத்துக்கே அனுப்பியது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தனிநபர் தகவலைத் தர மறுக்க இடம் தரும், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) விலக்கை இன்னும் அகலமாக்குகிறது. இனிப் பெயர் உள்ள எந்தக் காகிதமும் கிடைப்பது பெரும்பாடு.

நவம்பர் கூட்டத்தில், எல்லாத் தளங்களையும் இணையச் சேவை நிறுவனங்கள் ஒன்றுபோல நடத்த வேண்டும் என்கிற இணையச் சமநிலை பற்றி ஒரு கல்லூரி ஆசிரியர் பேசினார். 2015இல் பேஸ்புக், சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்குப் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்ததும், லட்சக்கணக்கானோர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்பியதும், 2016 பிப்ரவரி 8 அன்று தளத்துக்குத் தளம் கட்டணம் மாறுவதை டிராய் தடுத்ததும் பலருக்குப் புதுச் செய்தி. பணம் தோற்ற கதை என்பதால் கைதட்டல் பலமாக இருந்தது.

ஓட்டுக்குப் பணம் வாங்குவதில்லை என்று உறுப்பினர்கள் உறுதியேற்கும் தீர்மானத்தை மார்ச்சில் நான்தான் முன்மொழிந்தேன். தோற்றுப்போனது. மூத்த அண்ணாச்சி ஒருவர் எழுந்து, "ஐந்நூறு வாங்குதவன ஊரே பாத்துச் சிரிக்கி. கோடி கோடியா குடுத்தவன் பேர மட்டும் பேங்குல பூட்டி வச்சிருந்தான். மொதல்ல அவன்கிட்ட உறுதி வாங்கும்" என்றார். இன்றும் எனக்கு அதற்குச் சரியான பதில் இல்லை. ஆனாலும் தீர்மானத்தை இந்தப் பேரவையில் மறுபடி வைக்கிறேன்.

கணக்கு: தொடக்க இருப்பு 14,230 ரூபாய், சந்தாவும் நன்கொடையும் 41,900, செலவு 47,615, கையிருப்பு 8,515 ரூபாய். நன்கொடை தந்த 23 பேரின் பெயரும் தொகையும் பின்பக்க மேசையில் உள்ள ரசீதுப் புத்தகத்தில் இருக்கின்றன. தணிக்கையான கணக்கைச் சங்கப் பதிவாளருக்கு அனுப்ப, அறிக்கையை ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்