பைன் காட்டுக்குத் தழைச்சத்து மிஞ்சினால்

ஆசிரியருக்கு,

ஆலைப் புகை படியும் இடங்களில் பைன் மரங்கள் வேகமாக வளர்வதாகத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். அந்த வளர்ச்சி தொடக்கக் கட்டம் மட்டுமே. எரிபொருள் எரிவதால் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உர ஆலைகளின் அம்மோனியாவும் மழையோடும் தூசியோடும் காட்டில் இறங்குகின்றன. நைட்ரஜன் என்னும் தழைச்சத்து குறைந்த மண்ணுக்குப் பழகிய மரம் முதலில் செழிக்கத்தான் செய்யும். வரத்து மிஞ்சியதும், மரம் எடுத்துக்கொள்ளாத தழைச்சத்து, நீரில் கரையும் நைட்ரேட்டாக மண்ணின் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் சேர்த்து அரித்துச் செல்கிறது. மண் அமிலமாகிறது, வேருக்கு மணிச்சத்தை (பாஸ்பரஸை) தேடித் தரும் பூஞ்சைகள் குன்றுகின்றன.

வன மண் ஆய்வில் பணியாற்றியபோது, உர ஆலை ஒன்றை ஒட்டிய பைன் காட்டில் நானே பார்த்தேன்: மரப்பட்டைகளில் பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் லைக்கன் அறவே இல்லை, அடியில் புல் மண்டிக்கிடந்தது, பழைய ஊசியிலைகளின் நுனி மஞ்சளித்திருந்தது. இதைச் செழிப்பு என்று எப்படிச் சொல்வது? ஆலைகளின் உரிமத்தைப் புதுப்பிக்குமுன், காட்டில் படியும் மொத்த நைட்ரஜனையும் ஊசியிலைகளில் தழைச்சத்துக்கும் மெக்னீசியத்துக்கும் உள்ள விகிதத்தையும் ஆண்டுதோறும் அளந்து வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். அம்மோனியாவை அந்தக் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது.